தூண் எழுந்த பிறகா ஓவியரைக் கூப்பிடுவது?

தமிழ்நாட்டில் ஒரு மேம்பாலம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். திட்ட அறிக்கை தயாராகும். ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். பொறியாளர்கள் வரைபடம் போடுவார்கள். வருடக்கணக்கில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, புழுதியில் ஊரை மூழ்கடித்து, தூண்கள் எழும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் ‘அழகுபடுத்த வேண்டும்’ என்ற நினைவு அதிகாரிகளுக்கு வருகிறது. அப்போதுதான் ஓவியர்களைக் கூப்பிடுகிறார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று விரட்டுகிறார்கள். இரவோடு இரவாகத் தூண்களில் பரதநாட்டியமும் ஜல்லிக்கட்டும் கோயில் கோபுரமும் ஏறிவிடுகின்றன. மறுநாள் பத்திரிகைகளில் படம் வருகிறது. ‘கலைநகரமாக மாறும் சென்னை’ என்று செய்திக்குறிப்பும் வருகிறது.

இதைப் பொதுக்கலை என்று சொல்லி மக்களிடம் காட்டுவதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். இது கலைஞருக்கும் அவமதிப்பு, கட்டடத்துக்கும் கேடு, வரி கட்டுகிறவருக்கும் நஷ்டம்.

அப்படி வண்ணம் பூசிய தூண் ஒன்றின் முன் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் நாம் சொல்வது விளங்கும். பாலத்தின் மேல்தளத்தில் விழும் மழைநீரை இறக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் தூணின் முகப்பில் நேர்க்கோடாக இறங்கும். நாட்டியமாடும் பெண்ணின் நெற்றியிலிருந்து தாடை வரை அந்தக் குழாய் ஓடும். குழாயின் மூட்டு எங்கே கசிகிறதோ அங்கே பாசி படிந்து அவள் கன்னம் கறுத்திருக்கும். மேலே இரண்டு தளங்கள் கூடும் இணைப்பின் வழியாக ஒழுகிய நீர், துருவைக் கரைத்துக்கொண்டு வந்து காளையின் முதுகில் செம்பழுப்புக் கோடுகள் போட்டிருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே வண்ணமே தெரியாது. பயிற்சி மைய விளம்பரமும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் பெயின்ட் செதில் செதிலாக உரியும். மூன்றாம் ஆண்டு அதன் மேலேயே வேறு நிறம் அடிக்க இன்னோர் ஒப்பந்தப்புள்ளி வரும்.

இதில் ஓவியரின் குற்றம் எதுவும் இல்லை. குழாய் எங்கே போக வேண்டும் என்று முடிவானபோது அவர் அங்கே இல்லை. வரைபடம் போடும் வேளையில் அவரும் உடனிருந்திருந்தால் அந்தக் குழாயைத் தூணுக்குள்ளேயே பதித்திருக்கலாம். நீர் இறங்கும் வழியையே வடிவத்தின் ஒரு பகுதியாக ஆக்கியிருக்கலாம். வண்ணமே வேண்டாம் என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். சென்டரிங் பலகையின் உட்புறத்தில் ஒரு வடிவத்தைச் செதுக்கி வைத்தால், கான்கிரீட் இறுகும்போது அந்த வடிவம் தூணோடு சேர்ந்தே பிறக்கும். அதற்கு வண்ணம் தேவையில்லை, மழைக்கும் பயமில்லை. சண்டிகர் நகரின் கான்கிரீட் சுவர்களில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே மர அச்சுகளை வைத்துச் சின்னங்களைப் பதிய வைத்தது இப்படித்தான். சென்டரிங் அடிக்கும் நம் ஊர்த் தச்சருக்கும் இந்த வேலை தெரியாததல்ல. அவரையும் கலைஞரையும் பொறியாளரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைக்க நம் துறைகளுக்கு மனமில்லை என்பதுதான் குறை.

நாம் கண்டிப்பது இந்த வேலை வரிசையைத்தான். முதலில் பொறியாளர், பிறகு கட்டடக் கலைஞர், எல்லாம் முடிந்த பின் கலைஞர் என்ற வரிசை அடியோடு மாற வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றுச் சுவரில் நாட்டியக் கரணங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. நூற்றெட்டுக் கரணங்களுக்கு அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 81 கரணங்கள் முடிந்திருக்கின்றன. மீதி 27 கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. ஏன் நின்றன என்பது பற்றிப் பல கருத்துகள் உண்டு. நமக்கு முக்கியம் வேறு. அந்த 27 வெற்றுக் கற்களும் சுவரின் வரிசையில், உரிய இடத்தில், உரிய அளவில் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கின்றன. சிற்பி உளியைத் தொடுவதற்கு முன்பே, சுவரை எழுப்பியவர் அவருக்கான கல்லை வைத்துவிட்டார். 1010ஆம் ஆண்டு நிறைவடைந்த அந்தக் கட்டுமானத்தில் பாரம் தாங்கும் கணக்கும் சிற்பத்தின் கணக்கும் ஒரே கணக்காக இருந்தன. அதைக் கட்டியவர்களில் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் கல்வெட்டிலேயே பொறித்திருக்கிறார்கள். இன்று நம் பாலத்துத் தூண்களில் அமைச்சர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது. ஓவியர் பெயர் எத்தனை தூணில் இருக்கிறது?

ஆயிரம் ஆண்டு பின்னோக்கிப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. அதன் உயரம் 133 அடி. குறளின் அதிகாரங்கள் எத்தனையோ அத்தனை அடி. பீடம் 38 அடி. அது அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. சிலையை வடித்த கணபதி ஸ்தபதியின் கருத்து முதலில் பிறந்தது; கடற்காற்றுக்கும் அலைக்கும் நடுவே பாறை மேல் கல்லை அடுக்கி அந்த உயரத்தை நிறுத்தும் கணக்கு அந்தக் கருத்துக்குக் கட்டுப்பட்டு வந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோதும் சிலை நின்றது. கலைஞர் முடிவெடுத்தால் கட்டுமானம் பலவீனமாகும் என்று கோப்புகளில் குறிப்பெழுதும் அதிகாரிகள் ஒருமுறை படகேறிப் போய் அந்தப் பீடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கலையும் கட்டுமானமும் சேர்ந்து பிறக்கும் இந்த வழக்கம் சென்னைக்கும் புதிதல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் அந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அந்த மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிகளையும் தூண் வேலைப்பாட்டையும் பார்க்கும் எவருக்கும், கட்டடம் போட்டவரும் கைவினைப் பள்ளியை நடத்தியவரும் ஒரே ஆளாக இருந்ததன் பலன் கண்ணில் படும். பின்னாளில் அதே பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் வடகோடியில் உழைப்பாளர் சிலையை வடித்தார். 1959இல் திறக்கப்பட்டது. பாறையைப் பெயர்க்க உடம்பு மொத்தத்தையும் கொடுக்கும் அந்த நான்கு ஆட்கள் இன்றும் நகரத்தின் அடையாளம். பேருந்து நிறுத்தத்துக்கே அதுதான் பெயர். அதன் மீது எந்த ஆண்டும் புது வண்ணம் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தொடர்ச்சி எங்கே அறுந்தது என்பதைப் பார்க்க, அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து பறக்கும் ரயில் நிலையம் ஒன்றுக்குள் நுழைந்தால் போதும். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, பிறகு வேளச்சேரி வரை நீண்ட தடம் அது. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். தூண்களுக்கு மேலே மாபெரும் கான்கிரீட் கூடங்களை நிலையங்களாகக் கட்டினார்கள். ஒரு கல்யாண மண்டபத்தையே உள்ளே வைக்கலாம் என்னும் அளவுக்கு இடம், அவ்வளவும் வெறுமை. மதிய வெயிலிலும் இருட்டு. படிக்கட்டு எங்கே தொடங்குகிறது, பயணச்சீட்டு எங்கே வாங்குவது என்று தேடி அலைய வேண்டும். இரவு 9 மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு அந்தக் கூடத்தைக் கடப்பது ஒரு சோதனை. வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும், கண் எதை நோக்கிப் போக வேண்டும், கூட்டம் இல்லாதபோதும் இந்த இடம் மனிதருக்கானதாகத் தோன்ற என்ன செய்ய வேண்டும் என்று யாரேனும் யோசித்த அடையாளம் அந்தக் கட்டடங்களில் தெரியவில்லை. வெளிச்சம், நிறம், அளவு, பார்வைக் கோடு ஆகியவற்றையே வாழ்நாள் முழுவதும் ஆராய்கிறவர்தானே ஓவியரும் சிற்பியும்? பல கோடி செலவில் எழும் கட்டடத்தில் அந்த அறிவுக்கு இடம் கொடாமல் விட்டது நியாயமா?

கண்ணகி நகரையும் பார்ப்போம். நகரத்தின் நீர்நிலைக் கரைகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்த ஏழைகளை ஊருக்கு வெளியே குடியமர்த்திய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. 2020 வாக்கில் அதன் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அந்த முகங்களில் உயிர் இருக்கிறது. அதுவரை குற்றச் செய்திகளில் மட்டுமே பெயர் அடிபட்ட பகுதியை மக்கள் வேறு கண்ணோடு பார்க்கவும் அவை உதவின. அந்த ஓவியர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தக் குடியிருப்புகளை வரைந்தபோது, ஒரு குடும்பம் எத்தனை சதுர அடியில் எப்படி வாழும், பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், பாட்டி மாலையில் எங்கே உட்காருவாள் என்று கேட்க ஒரு கலைஞரையும் ஒரு கட்டடக் கலைஞரையும் அந்த மக்களையும் சேர்த்து உட்கார வைத்திருக்க வேண்டும். பிழையான வரைபடத்தை 20 ஆண்டு கழித்து வண்ணம் திருத்தாது. பிழையை மறைக்கும் வேலையைக் கலைஞர்கள் தலையில் கட்டுவதும் சரியல்ல.

உலகில் இதை ஒழுங்காகச் செய்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1973இல் பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் போட்டது. அங்கு 1979இல் முடிந்த ஒரு துணை மின்நிலையம் குறிப்பிடத்தக்கது. துணை மின்நிலையம் என்றால் கம்பி வேலி, அபாயப் பலகை, சாம்பல் நிறப் பெட்டிகள் என்றுதான் எங்கும் இருக்கும். அங்கே மூன்று கலைஞர்களைக் கட்டடக் கலைஞர்களோடும் மின்பொறியாளர்களோடும் வடிவமைப்புக் குழுவிலேயே சேர்த்தார்கள். கருவிகளுக்கு என்ன நிறம், சுவர் எந்த உருவில் இருக்க வேண்டும், வேலிக்கு வெளியே நிற்கிறவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் கூடி முடிவு செய்தார்கள். கலைஞரை முதல் நாளிலிருந்தே குழுவில் சேர்க்கும் முறைக்கு அந்த மின்நிலையம் முன்மாதிரி ஆயிற்று.

சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் சுரங்க ரயிலின் நடு நிலையத்தில் நீலத்தடப் பகுதி 1975இல் திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்த குகை அது. பெர் ஊலோஃப் உல்ட்வெட் என்ற ஓவியர் அதன் கூரையெங்கும் வெள்ளையின் மேல் நீலக் கொடிகளைப் படர விட்டார். கூட்டம் நெருக்கியடிக்கும் அந்த இடத்தில் மனம் அமைதியடைய வேண்டும் என்றுதான் நீலத்தைத் தேர்ந்தார். ஒரு பக்கத்தில், அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய தொழிலாளர்கள் வேலை செய்யும் நிழலுருவங்களையும் தீட்டினார். பாறையின் மேடு பள்ளமே ஓவியத்தின் தளம். கட்டுமானத்தின் உள்ளே கலை இருப்பது என்றால் இதுதான்.

பக்கத்திலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். அந்த மன்றத்தில் நடந்த அரசியலோடு தமிழருக்குள்ள வழக்கு பெரிது. அதை இங்கே மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கட்டட வேலையின் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பேரவை மண்டபத்தின் பனையோலை வடிவத் தொங்குவிளக்கைச் செய்தவர் லக்கி சேனநாயக்க. அவர் பாவாவின் அலுவலகத்திலேயே வரைபட வேலை செய்தவர். துணிகளில் வண்ண வேலை செய்த ஈனா டி சில்வாவும் பாவாவின் கட்டடங்களுக்கு நெருங்கிய கூட்டாளி. கட்டடம் முடிந்த பின் சுவரில் மாட்டப் படம் கேட்டுப் பாவா அவர்களிடம் போகவில்லை; கூரையைப் பற்றி யோசிக்கும்போதே அவர்களோடு யோசித்தார்.

நம் நாட்டில் கலைஞருக்குக் கிடைத்த மரியாதை என்ன? தில்லி விஞ்ஞான் பவனில் 140 அடி நீளம், 40 அடி உயரம் கொண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பம் ஒன்று இருந்தது. 1957இல் மத்திய அரசு அந்த வேலையைச் சிற்பி அமர்நாத் செகலிடம் ஒப்படைத்தது. அவர் ஐந்து ஆண்டுகள் உழைத்து முடித்தார். 1979இல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, செகலிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சிற்பத்தைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். பெயர்த்ததில் உடைந்தது; துண்டுகளும் தொலைந்தன. அவர் மனுப் போட்டார், பதில் இல்லை. 1992இல் வழக்குத் தொடர்ந்தார். 2005 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை, பணம் வாங்கிக்கொண்ட பிறகும் படைப்பாளியிடம் நிலைக்கிறது என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைக் கொண்டு நீதிமன்றம் உறுதி செய்தது. சிற்பம் பெயர்ந்து 26 ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி.

கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும்கூட நிலைமை மேலாக இல்லை. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து 1972 வர்த்தகக் கண்காட்சிக்காகத் தில்லி பிரகதி மைதானத்தில் எழுப்பிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ அரங்கம், இரண்டு துறைகள் கூடினால் என்ன பிறக்கும் என்பதற்கு இந்தியா உலகுக்குக் காட்டிய சான்று. 2017 ஏப்ரலில் இரவு நேரத்தில் அதை இடித்துத் தள்ளினார்கள். நம் ஊரிலும் 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலை பெயர்க்கப்பட்டபோது தமிழகமே கொதித்தது. 2006இல் சிலை மீண்டும் எழுந்தது. கண்ணகிக்குக் குரல் கொடுக்க ஒரு மொழியே இருந்தது. பெயர் தெரியாத ஓவியரின் சுவருக்கு யார் குரல் கொடுப்பார்? ஒரு நாள் காலையில் வெள்ளை அடித்துவிட்டுப் போகிறார்கள், கேட்பாரில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் துறைகள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் மூன்று.

பணம் இல்லை என்பது முதல் பதில். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. இதில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 632 கோடி. அவ்வளவுகூட வேண்டாம், ஆயிரத்தில் ஒரு பங்கே 63 கோடி ஆகிறது. தமிழ்நாட்டின் ஓவியர், சிற்பி, கைவினைஞர் பலருக்குப் பல ஆண்டு வேலை தர அது போதுமான தொகை. பிரான்சு 1951இலேயே பள்ளிக் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கியது. போர் முடிந்து ஆறே ஆண்டு. இடிந்த ஊர்களைக் கட்டிக்கொண்டிருந்த நாடு அது. அவர்களுக்கு இருந்த பணம் நமக்கு இல்லையா? மேலும், வண்ணத்தைத் திரும்பத் திரும்ப அடிக்க மட்டும் பணம் இருக்கிறதே!

விதிமுறை இடம் தராது, குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை தர முடியும் என்பது இரண்டாவது பதில். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்தது. அதன் பெயரைச் சொல்லிச் சிற்பத்தையும் சிமென்ட் மூட்டையையும் ஒரே தராசில் நிறுப்பது சட்டத்தின் நோக்கமல்ல. கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுக்க வடிவமைப்புப் போட்டி நடத்தத் தெரிந்த அரசுக்குக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கவும் தெரியும். விதி போதவில்லை என்றால் விதியைத் திருத்துங்கள். அதற்குத்தான் சட்டமன்றம் இருக்கிறது.

மக்களுக்குத் தேவை சாலையும் கழிப்பறையும், கலை ஆடம்பரம் என்பது மூன்றாவது பதில். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில். நிழல் எங்கே விழும், கிழவர் உட்காரும் திண்டு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எழுத்துப் படிக்கத் தெரியாதவர் எந்த வாசலில் வெளியேறுவது என்று எந்தச் சின்னம் சொல்லும், இருட்டில் பெண்ணுக்குப் பயமில்லாத பாதை எப்படி அமையும் என்பதெல்லாம் கலைஞரின் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். பணக்காரர் வீட்டில் ஓவியம் இருக்கிறது; ஓட்டலில், வங்கியில் இருக்கிறது. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அரசு மருத்துவமனையுமே ஏழைக்குக் கிடைக்கும் மண்டபங்கள். அங்கே அழகு தேவையில்லை என்று முடிவு செய்ய அதிகாரிகளுக்கு யார் உரிமை தந்தது?

கலைஞர்களிடமும் கட்டடக் கலைஞர்களிடமும் நமக்குச் சொல்ல இருக்கிறது. கட்டடம் முடிந்ததும் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம் என்று கேட்டுக் கலைஞரை அலங்காரக்காரராக நடத்தும் கட்டடக் கலைஞர்கள் இந்தப் பழிக்குப் பங்காளிகள். பாரமும் வடிகாலும் பராமரிப்பும் தன் கவலையல்ல என்று ஒதுங்கும் கலைஞர்களும் பங்காளிகள்தான். வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் வரைபட மேசையில் இடம் கேட்க முடியாது. ஆனால் சதுர அடிக் கூலிக்கு வேலை செய்யும் எளிய ஓவியர்கள் மீது நாம் ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். டிஜிட்டல் பேனர் வந்து சினிமா பேனர் ஓவியர்களின் தொழிலை விழுங்கியபோது, 2009-10 வாக்கில் சென்னைச் சுவர்களில் படம் தீட்டும் வேலைதான் அவர்களில் பலருக்குச் சோறு போட்டது. 40 அடி உயரத்தில் முகத்தின் சாயல் பிசகாமல் வரைந்த கைகள் அவை. அளவும் தூரமும் பார்வையும் அவர்களுக்குத் தெரிந்ததுபோல் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. அந்த அறிவை வெறும் கூலி வேலையாகச் சுருக்கியது அரசின் பிழை.

ஆகவே தமிழ்நாடு அரசிடமும் உள்ளாட்சி, நெடுஞ்சாலை, பொதுப்பணி, போக்குவரத்துத் துறைகளிடமும் நாம் கோருவன இவை.

முதலாவது: குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட எந்தப் பொதுக் கட்டுமானத்துக்கும் திட்ட அறிக்கை நிலையிலேயே ஒரு கலைஞரை வடிவமைப்புக் குழுவில் சேர்க்க வேண்டும். அவருக்குக் கட்டடக் கலைஞரைப் போலவே ஒப்பந்தமும் ஊதியமும் கையெழுத்திடும் உரிமையும் வேண்டும்.

இரண்டாவது: கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கென்று தனித் தலைப்பில் ஒதுக்க விதி செய்ய வேண்டும். அந்தப் பணத்தை விளக்கு அலங்காரத்துக்கும் செல்ஃபி எழுத்துகளுக்கும் திருப்பிவிடத் தடை வேண்டும்.

மூன்றாவது: தேர்வுக் குழுவில் கலைஞர், கட்டடக் கலைஞர், பொறியாளர், அந்தப் பகுதி மக்களின் பிரதிநிதி ஆகிய நால்வரும் இருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் கலையை வாங்கும் வழக்கத்தை உடனே ஒழிக்க வேண்டும். வந்த வரைவுகளை மக்கள் பார்வைக்கு வைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

நான்காவது: ஒவ்வொரு படைப்பிலும் அதைச் செய்தவரின் பெயர் நிலையாகப் பொறிக்கப்பட வேண்டும். பராமரிப்புக்கு முன்கூட்டியே நிதி வைக்க வேண்டும். மாற்றவோ நீக்கவோ நேர்ந்தால் எழுத்து மூலம் அறிவித்துக் கலைஞரின் கருத்தைக் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். செகல் வழக்கின் தீர்ப்பு ஒவ்வொரு பொறியாளரின் மேசையிலும் இருக்கட்டும்.

ஐந்தாவது: சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள், மாமல்லபுரம் கட்டடம் மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளி, கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் மாணவர்கள் ஓராண்டாவது ஒரே திட்டத்தில் சேர்ந்து வேலை செய்யும் பாடம் வேண்டும். மாமல்லபுரம் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். கல்லின் குணம் தெரிந்த மாணவரும் கான்கிரீட்டின் குணம் தெரிந்த மாணவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் பட்டம் வாங்கிப் போவது இந்த மாநிலத்துக்கு இழப்பு.

ஆறாவது, மிக அவசரமானது: மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. தூண்கள் பல எழுந்துவிட்டன. அவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிலையங்களின் வாசல்கள், முன்றில்கள், நடைமேடைச் சுவர்கள், உயர்மட்டத் தடத்தின் கீழுள்ள நிலம் இவற்றில் இன்னும் முடிவாகாதவை உண்டு. அவற்றுக்கு இப்போதே கலைஞர்களைக் குழுவில் சேர்க்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தின மாதம் வந்து சுவரைக் காட்டினால் அதை எந்தக் கலைஞரும் ஏற்கக் கூடாது என்று கலைஞர் அமைப்புகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

கட்டி முடித்த பாலம் நூறு ஆண்டு நிற்கும். அதன் கீழே நடக்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்காத பிள்ளைகள். அவர்களுக்கு நாம் விட்டுச்செல்வது செதில் உரியும் சுவராக இருக்கக் கூடாது. அரசுக்கு நாம் சொல்வது இதுதான்: அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே கலைஞருக்கு இடம் இருக்க வேண்டும். அது இல்லாத அறிவிப்பைத் திருப்பி அனுப்பும்படி சட்டமன்ற உறுப்பினர்களையும் மாமன்ற உறுப்பினர்களையும் வாசகர்கள் கேட்க வேண்டும். உங்கள் பகுதியில் பாலமோ நிலையமோ பூங்காவோ வரப்போகிறது என்றால், வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கலைஞரின் பெயர் எங்கே என்று கேளுங்கள்.